நெய்யும் வெண்ணெயும்: நமது சட்டிக்குக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?



பிள்ளைக் காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு பாட்டி எழுந்து நின்று கேட்டார். "ஐயா, எங்க காலத்துல, அதுக்கு முந்தி எங்க அம்மா காலத்துல, எல்லாரும் நெய்யி ஊத்தித் தின்னு தெம்பா இருந்தாங்கன்னு சொல்லுவாங்க. இப்ப நெய்ப் போத்தல கடையில பாக்கத்தான் முடியுது. நெய்யி எங்க போச்சு? அது இல்லாததாலதான் பிள்ளைங்க வளர்த்தி இல்லாம இருக்கா?"

கேள்வி சிறியது போலத் தோன்றினாலும் பதில் பெரியது. அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் எங்களால் அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை. எனவே இந்த இதழில் விரிவாக எழுதுகிறோம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

கொழுப்பு எதற்காக?

கொழுப்பு என்றாலே கெட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒரு கிராம் மாப்பொருளும் ஒரு கிராம் புரதமும் உடம்புக்கு 4 கலோரி சக்தி தருகின்றன. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தருகிறது. சின்ன வயிற்றுக்குள் நிறையச் சக்தியைக் கொடுக்கக் கொழுப்பைப் போல வேறொன்றில்லை. தாய்ப்பாலிலுள்ள சக்தியில் கிட்டத்தட்டப் பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. விற்றமின் ஏ, டி, ஈ, கே ஆகியவற்றை உடம்பு உறிஞ்சிக்கொள்வதற்கும் கொழுப்பு வேண்டும். கீரையை வெறுமனே அவித்துக் கொடுப்பதைவிட, கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்துக் கொடுப்பது நல்லது என்பதற்குக் காரணம் இதுதான்.

கொழுப்பிலும் இனங்கள் உண்டு. குளிரில் கட்டியாகிற நெய், வெண்ணெய், தேங்காயெண்ணெய் போன்றவற்றில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். நெய்யின் கொழுப்பில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேலும், தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 பங்கும், பாம் எண்ணெயில் சுமார் பாதியும் இந்த இனமே. நல்லெண்ணெய், சோயா எண்ணெய், மீன் கொழுப்பு முதலியவற்றில் நிறைவுறாத கொழுப்பு கூடுதல்.

வெண்ணெய் வேறு, நெய் வேறு

வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குதான் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். வெண்ணெயை உருக்கித் தண்ணீரை வற்ற வைத்து, அடியில் படிகிற கசண்டை வடித்தெடுத்தால் கிடைப்பது நெய். அதில் 99 பங்குக்கு மேல் கொழுப்பு. தண்ணீர் இல்லாததால் நெய் சீக்கிரம் கெடாது. ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில், வெயில் அடிக்கிற இந்தியாவில், பாலின் கொழுப்பைக் கெடாமல் தூரத்துக்குக் கொண்டுபோக நல்ல வழி அதை நெய்யாக்குவதுதான். குளிர் நாட்டுக்காரர்கள் வெண்ணெயாக வைத்துத் தின்றார்கள், நம்மவர்கள் நெய்யாக உருக்கி வைத்தார்கள்.

ஒரு கிலோ நெய்க்கு எவ்வளவு பால் வேண்டும்? மாடு வைத்திருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். பசும்பாலில் நூற்றுக்கு 4 பங்கு கொழுப்பு என்று வைத்தால், சேதாரத்தோடு 25 லீற்றருக்கு மேல் வேண்டும். எருமைப்பாலில் கொழுப்பு 7 பங்கு வரை இருப்பதால் ஏறக்குறைய 15 லீற்றர் போதும். நெய் ஏன் எப்போதும் விலை கூடிய பொருளாக இருந்தது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

நாட்டுக்கு எவ்வளவு நெய் என்று எப்படித் தெரியும்?

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1961ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் உணவுக் கணக்கு வைத்திருக்கிறது. நமது வீட்டு மாதச் சாமான் கணக்கைப் போலத்தான் அதுவும். நாட்டில் செய்தது எவ்வளவு, வெளியிலிருந்து வந்தது எவ்வளவு என்று கூட்டுவார்கள். வெளியே அனுப்பியது, வீணானது, இருப்பில் வைத்தது எல்லாவற்றையும் கழிப்பார்கள். மிஞ்சுவதைச் சனத்தொகையால் பிரிப்பார்கள். அதுதான் 'ஆளுக்கு இவ்வளவு' என்று புத்தகங்களில் வருகிற கணக்கு. அந்தக் கணக்கில் வெண்ணெயும் நெய்யும் ஒரே வரியில் சேர்ந்தே இருக்கும்.

இந்தக் கணக்கை வாசிக்கும்போது இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. முதலாவது, அது நாட்டுக்குக் கிடைத்த அளவே தவிர வாய்க்குள் போன அளவு அல்ல. கோயிலில் விளக்கெரித்த நெய்யும் ஓமத்தில் விட்ட நெய்யும் தட்டில் மிஞ்சிக் கொட்டியதும் அதற்குள் அடங்கும். இரண்டாவது, அது சராசரி. பத்துக் குடும்பங்களில் ஒரு குடும்பம் மட்டும் ஒரு கிலோ நெய் வாங்கினாலும் கணக்கு 'குடும்பத்துக்கு 100 கிராம்' என்றுதான் சொல்லும். மற்ற ஒன்பது வீட்டிலும் ஒரு சொட்டு இருக்காது.

பாட்டி காலத்தில் எல்லோரும் நெய் தின்றார்களா?

உண்மையைச் சொல்ல வேண்டும். நமது முன்னோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் போன்ற பகுதிகளிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867க்குப் பின் தேயிலை பரவிய காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சமும் பலரைத் துரத்தியது. நிலமும் மாடும் நெய்யும் நிறைய இருந்தவர்கள் அப்படிப் புறப்பட்டு வந்திருக்க மாட்டார்கள். மாடு வைத்திருந்த வீட்டில்கூட, கடைந்த வெண்ணெய் நெய்யாகிச் சந்தைக்குப் போய்விடும். வீட்டுக்கு மிஞ்சியது மோர்தான்.

ஆனால் அந்த மோரைச் சும்மா நினைத்துவிடாதீர்கள். பாலிலுள்ள புரதமும் கல்சியமும் நெய்யோடு போவதில்லை, மோரிலேயே தங்கிவிடுகின்றன. நெய் பணக்கார வீட்டுக்குப் போனாலும் உடம்பைக் கட்டுகிற சத்து ஏழை வீட்டுப் பானையில் கிடந்தது. பாட்டிமார் சொல்லும் தெம்புக்கு நெய்யைவிட மோரும் கேழ்வரகும் கம்பும் கூடுதல் காரணமாக இருந்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

டால்டா வந்த கதை

1900களின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த நோர்மன் என்பவர் திரவ எண்ணெயைக் கட்டியாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். எண்ணெய்க்குள் ஐதரசன் வாயுவைச் செலுத்தினால் அது நெய் மாதிரி உறையும். அந்த முறையில் செய்ததுதான் வனஸ்பதி. இந்தியாவில் 1937இல் டால்டா என்ற பெயரில் அது தகரத்தில் வந்தது. பார்வைக்கு நெய், விலையோ மிகக் குறைவு. கடைக்காரர்கள் சிலர் அதை நல்ல நெய்யில் கலக்கத் தொடங்கினார்கள்.

இதைப் பிடிக்க இந்தியாவில் ஒரு கெட்டிக்கார விதி கொண்டுவந்தார்கள். வனஸ்பதி செய்கிற எவரும் அதில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நல்லெண்ணெய் கலந்த எதையும் ஒருவகை அமிலமும் இரசாயனமும் விட்டுக் குலுக்கினால் சிவப்பு நிறம் காட்டும். ஆகவே நெய்யைச் சோதிக்கும்போது சிவந்தால் கலப்படம் என்று தெரிந்துவிடும்.

அன்று எவருக்கும் தெரியாத தீமை ஒன்றும் வனஸ்பதிக்குள் இருந்தது. எண்ணெயை அரைகுறையாகக் கட்டியாக்கும்போது 'ட்ரான்ஸ்' கொழுப்பு உண்டாகிறது. 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அது இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். நெய்யைவிட நல்லது என்று நம்பி வாங்கிய பொருள் நெய்யைவிட மோசம் என்று தெரியவந்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் உணவுத் தொழிலிலிருந்து இதை ஒழிக்கும்படி எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. இந்தியா 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதை நூற்றுக்கு 2 பங்குக்குள் கட்டுப்படுத்தியது.

பால் பெருகியது, நெய்யும் பெருகியது

1950-51இல் இந்தியாவின் பால் உற்பத்தி 1 கோடியே 70 இலட்சம் தொன். 1970இல் குரியன் அவர்களின் தலைமையில், குஜராத்தின் ஆனந்த் நகரிலிருந்து 'வெண்மைப் புரட்சி' தொடங்கியது. அதற்கு முதலீடு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக நாடுகளில் வெண்ணெயும் பால்மாவும் தின்ன ஆளில்லாமல் குவிந்து கிடந்தன. அவர்கள் இனாமாகக் கொடுத்த வெண்ணெய் எண்ணெயையும் கொழுப்பு நீக்கிய பால்மாவையும் தண்ணீரில் கலந்து மீண்டும் பாலாக்கிப் பெரிய நகரங்களில் விற்றார்கள். அந்தக் காசில் கிராமத்துப் பால் சங்கங்களும் குளிரூட்டும் நிலையங்களும் எழுந்தன. திட்டம் 1996இல் முடிந்தது. 2023-24இல் இந்தியாவின் பால் உற்பத்தி 23 கோடியே 90 இலட்சம் தொன்னாக இருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 471 கிராம்.

நெய், வெண்ணெய் உற்பத்தியிலும் இன்று உலகத்தில் முதலிடம் இந்தியாவுக்கே. அண்மைய ஆண்டுகளில் அது 60 இலட்சம் தொன்னைத் தாண்டுகிறது. ஏறக்குறைய முழுவதும் உள்நாட்டிலேயே செலவாகிறது. 140 கோடிச் சனத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 4 கிலோவுக்கு மேல், அதாவது நாளைக்குச் சுமார் இரண்டு தேக்கரண்டி. ஆகவே நெய் உலகத்திலிருந்து மறைந்துவிடவில்லை. காசு இருக்கிற பக்கம் அது கூடியிருக்கிறது.

ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் மரக்கறி எண்ணெயில் நடந்தது. 1994இல் இந்தியா பாமோலின் இறக்குமதியைத் திறந்துவிட்டது. மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து கப்பல் கப்பலாகப் பாம் எண்ணெய் வந்தது. இன்று இந்தியாவில் ஆளுக்கு ஆண்டுக்கு 19 கிலோ வரை சமையல் எண்ணெய் செலவாகிறது, அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டு எண்ணெய். பாகிஸ்தானும் பாம் எண்ணெயையே பெரிதும் நம்பியிருக்கிறது. தெற்காசியாவின் சட்டியில் கொழுப்பு முன்பைவிடக் கூடிவிட்டது. கூடியதில் பெரும்பங்கு மாட்டிலிருந்து வரவில்லை, மரத்திலிருந்து வந்தது.

இந்தப் பால் பெருக்கத்தில் நாம் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. நெய் விற்ற காலத்தில் மோர் வீட்டில் தங்கியது. பாலை அப்படியே வண்டியில் ஏற்றி அனுப்பத் தொடங்கியபோது கைக்குக் காசு வந்தது, ஆனால் நெய்யும் வீட்டில் இல்லை, மோரும் இல்லை. வந்த காசில் பிள்ளைக்குச் சத்தானது எதையாவது வாங்கிய வீடு பிழைத்தது. வாங்காத வீட்டில் பசு பால் கறந்தது, பிள்ளை பால் குடிக்கவில்லை.

நமது இலங்கைக் கதை

இலங்கையில் நெய்யும் வெண்ணெயும் எப்போதும் சிறு பங்குதான். இங்கே கொழுப்பு என்றால் தேங்காய். குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்கள் காய்த்தால் நாடு முழுவதும் கறி மணக்கும். நமது ரொட்டியும் சம்பலும் பருப்பும் அதை நம்பித்தான் இருக்கின்றன. 100 கிராம் தேங்காய்த் துருவலில் ஏறக்குறைய 33 கிராம் கொழுப்பு உண்டு. ஐந்து பேர் உள்ள வீட்டில் 300 கிராம் துருவல் வரும் ஒரு தேங்காயைத் திருவினால் ஆளுக்கு 20 கிராம் வரை வரும். பாலைப் பிழிந்து சக்கையைக் கொட்டினால் அதில் கொஞ்சம் சக்கையோடு போய்விடும்.

பாலைப் பொறுத்தவரை, நாடு பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து வரும் பால்மாவை நம்பியிருக்கிறது. அதன் விளைவை 2022இல் எல்லோரும் அனுபவித்தோம். டொலர் இல்லாமல் கப்பல் நின்றது, கடைக்கு முன்னால் வரிசை நீண்டது. அந்த ஆண்டு மார்ச் மாதம் 400 கிராம் பால்மாப் பைக்கற்று 790 ரூபாவானது. தேங்காயும் நம்மைக் கைவிடும் என்பதை 2024 கடைசியில் கண்டோம், ஒரு காய் 200 ரூபாவையும் தாண்டியது. மாவும் இல்லை, தேங்காயும் இல்லை என்றால் சின்னப் பிள்ளையின் தட்டில் வெறும் சோறும் ரொட்டியும்தான் மிஞ்சும். வயிறு நிறையும், வளர்ச்சி வராது.

2016இல் அரசாங்கம் எடுத்த கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியிலோ 32 பேர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இது நெய் குறைந்ததால் மட்டும் வந்த வினை அல்ல. தாயின் உடல்நிலை, தண்ணீர், கக்கூசு வசதி, வயிற்றோட்டம், முட்டை மீன் பால் இல்லாத சாப்பாடு, போதாத சம்பளம் எல்லாம் சேர்ந்த வினை.

அப்படியென்றால் நெய் வாங்க வேண்டுமா?

பாட்டியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறோம். நெய் நல்ல உணவுதான், ஆனால் அது மருந்து அல்ல. ஒரு தேக்கரண்டி நெய்யில் 45 கலோரி சக்தியும் கொஞ்சம் விற்றமின் ஏயும் உண்டு. புரதமும் கல்சியமும் இல்லை என்றே சொல்லலாம்.

ஒரு போத்தல் பசும்பாலை, அதாவது 750 மில்லிலீற்றரை எடுத்துக்கொள்வோம். அதில் 30 கிராம் கொழுப்பு உண்டு, ஆறு தேக்கரண்டி நெய்க்குச் சமம். அதோடு 24 கிராம் வரை புரதமும் ஏறக்குறைய 900 மில்லிகிராம் கல்சியமும் இருக்கின்றன. ஆகவே நெய் வாங்கக் காசு தேடுவதைவிட, நமது மாடு கறக்கும் பாலில் பிள்ளைக்கு ஒரு கோப்பை ஒதுக்கி வைப்பதே இலாபம்.

"பால விக்காம எப்படிங்க ஐயா, புண்ணாக்குக் கடன் யாரு கட்டுறது?" என்று கேட்பீர்கள். எல்லாப் பாலையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. காலையில் ஆறு போத்தல் கறந்தால் ஐந்தை அனுப்புங்கள், ஒன்றை வீட்டில் வையுங்கள். நிலையத்தில் கொழுப்பையும் பார்த்துத்தான் பாலுக்கு விலை போடுகிறார்கள். தண்ணீரும் நல்ல புல்லும் நேரத்துக்குக் கிடைத்தால் மாடு அந்த ஒரு போத்தலை மெல்ல மெல்லத் திருப்பித் தரும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன் பின் மற்ற உணவோடு இரண்டு வயது வரையாவது தாய்ப்பாலைத் தொடருங்கள்.

2. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளையின் மசித்த சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய், வெண்ணெய், எண்ணெய் அல்லது கெட்டித் தேங்காய்ப்பால் சேர்க்கலாம். நெய்தான் வேண்டும் என்பதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொழுப்பைக் குறைக்க வேண்டாம்.

3. பசும்பாலைப் பொங்கக் காய்ச்சாமல் எவரும் குடிக்கக் கூடாது. மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் உண்டு.

4. நெய் ஆசை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். காய்ச்சிய பாலில் படியும் ஏட்டை ஒரு வாரம் சேர்த்து, தயிர் உறை விட்டு, கடைந்து உருக்குங்கள். மோரைக் கொட்டாமல் பெரியவர்கள் குடியுங்கள். ஆனால் பால் குடிக்கும் வயதுச் சின்னப் பிள்ளைக்கு ஏடு எடுக்காத பாலே நல்லது.

5. கடையில் "பட்டர்" என்று கேட்டால் பல நேரம் மாஜரின் கொடுப்பார்கள். பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். வெண்ணெய் பாலிலிருந்து வருவது, மாஜரின் பெரும்பாலும் மரக்கறி எண்ணெயிலிருந்து வருவது. விளக்குக்கென்று விற்கும் நெய்யைச் சோற்றில் ஊற்ற வேண்டாம்.

6. பெரியவர்களுக்கு அளவு வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிவுரைப்படி, மொத்தச் சக்தியில் கொழுப்பு நூற்றுக்கு 30 பங்குக்குள்ளும் நிறைவுற்ற கொழுப்பு 10 பங்குக்குள்ளும் இருக்க வேண்டும். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம்தான். தேங்காயிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும். பிரஷர், நெஞ்சு வருத்தம், சீனி வருத்தம் உள்ளவர்கள் தேங்காய்க்கு மேலே நெய்யும் சேர்ப்பது நல்லதல்ல. டொக்டரைக் கேட்டு நடவுங்கள்.

7. வடை, ரோல்ஸ் பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிப் பாவிக்க வேண்டாம்.

அந்தப் பாட்டியிடம் மறுபடியும் போனபோது இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நெய்யி போனது பெரிசில்ல, மோரு போனதுதான் பெரிசுன்னு சொல்றீங்க" என்றார். எங்கள் பக்கக்கணக்கான விளக்கத்தை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

உங்கள் தோட்டத்தில் மாடு வளர்ப்பவர்கள் வீட்டுக்கு எவ்வளவு பால் எடுத்து வைக்கிறீர்கள்? என்ன கஷ்டத்தால் வைக்க முடியவில்லை? குடும்பநல உத்தியோகத்தரிடமோ பிள்ளைக் காம்பரா பொறுப்பாளரிடமோ சொல்லுங்கள், அல்லது எமக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் அனுபவங்களை அடுத்து வரும் இதழ்களில் மற்றத் தோட்டங்களோடு பகிர்ந்துகொள்வோம்.